ஒரே நாளில் இரண்டு சிவப்புக் கட்டங்கள்

“அண்ணன் நம்பரையும் விடாம போட்டுட்டீங்களே அக்கா! இதனாலதான் உங்க கட்டத்த ஒருத்தனும் குறை சொல்ல முடியல” என்று ரேடியோ சொன்னபோது, கட்டக்கா ஜன்னல் வழியாக அன்றைய டூட்டிச் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசுவதால் அந்த ஓட்டுநருக்கு ரேடியோ என்று பெயர். காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவன் ஒருவன்தான் தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பிப்பான். அவன் சொல்வதில் பாதியை அவள் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. ஆனால் அவன் அண்ணன் என்று கூப்பிடுவது அந்தப் பஸ் டிப்போவில் ஒரே ஒருவரைத்தான். அறுபத்திரண்டாம் எண் ஓட்டுநரை. அதாவது அவளுடைய புருஷனை.

“எதுல போட்டேன்?”

“நாளைக்கு நடக்கற அந்த சந்தோஷக் கிளாஸ்லதான். முதல் நம்பரே அண்ணன்தான். வேற யாரா இருந்தாலும் சொந்தக்காரன ஒதுக்கிட்டுத்தான் எழுதியிருப்பாங்க.”

டூட்டிச் சீட்டுகளை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு அவள் எழுந்து வெளியே போனாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், மாதத்தின் பெரிய கட்டத்தாளுக்குப் பக்கத்தில், நேற்று மாலை அவளே குத்தி வைத்த காகிதம் இருந்தது. தேதி பதினாலு, புதன். கீழே பன்னிரண்டு எண்கள். எல்லாம் அவள் கையெழுத்து. முதல் எண் அறுபத்திரண்டு. அடியில் ஆபீஸ் சீல்.

நாளைக்குத்தான் மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று பேருமாகப் போவதாக இரண்டு மாதமாகப் பேச்சு.

கட்டக்கா என்பது அவளுடைய பெயரில்லை. முதுகுக்குப் பின்னால் டிப்போவே வைத்த பெயர். அங்கே நூற்று நாற்பது ஓட்டுநர்கள். யார் எந்த வண்டி, எந்தத் தடம், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று மாதத்துக்கு ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்புவது அவள் வேலை. டூட்டிக்குக் கறுப்பு. ஓய்வுக்குச் சிவப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவனுக்குப் பெருக்கல் குறி. அது மூன்று சேர்ந்தால் மெமோ. நடுவில் ஒருமுறை இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த முதல் வாரமே ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு பஸ் ஓட்டச் சொன்னது. இப்போது அது மூலையில் உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கட்டக்கா மறுபடியும் ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. போர்டில் ஏறிய கட்டம் இறங்காது. தாள் கண்ணாடிக்குள் போகிற வரைக்கும் யாரும் வந்து கெஞ்சலாம், அழலாம், சண்டை போடலாம். பூட்டிய பிறகு கடவுளே வந்து கேட்டாலும் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒருவனுக்கு மாற்றினால் இன்னொருவனுடைய தலையில் விழும், அவன் மூன்றாமவனோடு முட்டிக்கொள்வான், டிப்போ சந்தைக்கடை ஆகிவிடும். அவள் வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் பூனைக்கண்ணன் என்கிற சின்ன வயது ஓட்டுநர் ஜன்னலில் வந்து நின்றான். மனைவிக்கு இன்றைக்கோ நாளைக்கோ பிரசவம், வெளியூர் வண்டியை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுங்கள் அக்கா என்றான். போர்டில் ஏறிவிட்டது தம்பி என்றாள். இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் அதையே சொன்னாள். மறுநாள் அவன் நாலாவது ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை. சீட்டை வாங்கிக்கொள்வான், போய்விடுவான். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. புருஷனுக்கு இன்னும் ஒரு பிடி அதிகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே, வீட்டுக்காரருக்கு வசதியாகத்தான் எழுதுவாள் பார் என்று நாலு பேர் பேசியது அவள் காதில் விழுந்தது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே முடிவு செய்தாள். யாருக்கும் வேண்டாத தடம் எதுவோ அது அறுபத்திரண்டுக்கு. மற்றவர்கள் எல்லோருக்கும் எழுதி முடித்து மிச்சம் கிடப்பது எதுவோ அதுதான் அவருடைய ஓய்வு நாள். அது எப்போதும் செவ்வாய்க்கிழமையாகவே மிஞ்சியது. அவளுக்கு ஆபீஸ் விடுமுறை ஞாயிறு. பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும் வாயைத் திறக்கவில்லை. கட்டத்தைப் பார்ப்பார், சரி என்பார், போய்விடுவார். ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது மற்றவர் வீடு திரும்புகிற குடும்பம் அது. வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்கிற இடத்தில் நின்றுதான் பாதிக் குடும்ப விஷயங்களைப் பேசி முடித்தார்கள்.

இந்த மாதத் தாளில்தான் முதன்முறையாக அந்தச் செவ்வாயைப் புதனுக்குத் தள்ளினாள். ஓட்டுநர்களின் வரிசையில் அறுபத்திரண்டுக்கு நேராக ஒரு சிவப்பு. அடிவரிசையில், ஆபீஸ் ஆட்களின் கட்டத்தில், தனக்கு நேராக ஒரு சிவப்பு. ஒரே நாளில் இரண்டும். எழுதும்போது எதையோ திருடுகிற மாதிரி கை கூசியது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் நேற்று மாலை நாலு மணிக்குத் தலைமை ஆபீஸிலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. ‘வேலையும் வாழ்வும்: மகிழ்ச்சியான சமநிலை.’ ஒருநாள் பயிற்சி. டிப்போவுக்குப் பன்னிரண்டு பேர். பஸ் ஓடுவது தடைபடக் கூடாது என்பதால் அன்றைக்கு ஓய்வில் இருப்பவர்களை மட்டுமே அனுப்ப வேண்டும். சமநிலையைக் கற்றுக்கொள்ள ஓய்வு நாளைக் கொண்டு வா என்று ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்து, எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறான்! பட்டியல் ஐந்து மணிக்குள் வேண்டும் என்று மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அவள் பதினாலாம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்துச் சிவப்பு எங்கெங்கே என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போனாள். பிடிக்காத வேலை என்று ஒன்று வந்தால் அதில் முதல் எண் அறுபத்திரண்டு. பதினோரு வருஷப் பழக்கம். கண் சிவப்பைப் பார்த்தது, கை எண்ணை எழுதியது. அந்தச் சிவப்பு என்ன சிவப்பு என்று கேட்க மூளைக்கு நேரமில்லை.

மேனேஜர் ஒன்பது மணிக்கு வந்ததும் போய் நின்றாள். அவர் மேசையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய குடும்பம் மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்து அடித்தால் ஐந்து ஒன்றுக்கு அவரை ஆபீஸில் பார்க்க முடியாது. அதற்காக அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. இன்றைக்குத்தான் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும் போலிருந்தது.

“லிஸ்ட் நேத்தே போயிடுச்சேம்மா. பேர் அடிச்சு அட்டையெல்லாம் ரெடி பண்ணியிருப்பாங்க.”

“தப்பா எழுதிட்டேன் சார். என் தப்புதான். அவருக்குப் பதிலா வேற ஒருத்தர...”

“நீயே சொல்லுவியே, போர்டுல ஏறின கட்டம் இறங்காதுன்னு” என்று மேனேஜர் சிரித்தார். கேலியில்லை, நிஜமாகவே பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. “இன்னைக்கு உன் வீட்டுக்காரர எடுத்தா, நாளைக்கு நூத்திநாப்பது பேரும் வந்து நிப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. பன்னெண்டு பேரயும் கூட்டிட்டுப் போய் உக்கார வெக்க ஆபீஸ்லருந்து ஒரு ஆள் வேணுமாம், இப்பதான் போன் வந்துச்சு. நாளைக்கு நீயும் லீவுதானே, நீயே போயிடும்மா.”

“சார், பொண்ண ஹாஸ்டல்ல விடணும். பதினொரு மணிக்குள்ள அங்க இருக்கணும்.”

“பதினெட்டு வயசுப் பொண்ணு, தனியாப் போகத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் முழுக்க ஒண்ணா இருந்த மாதிரி ஆச்சு, போயேன். மத்தியானம் சாப்பாடு வேற.”

ஒருவரைக் கேட்கப் போய் இருவரையும் தொலைத்துவிட்டு வந்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜரைத் திட்டினாள், சுற்றறிக்கை எழுதினவனைத் திட்டினாள், ரேடியோவைத் திட்டினாள், எல்லாம் மனசுக்குள். திட்டத் திட்டக் கோபம் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. யாருமே அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினோரு வருஷம் காவல் காத்த கட்டம், கடைசியில் அவள் வீட்டுக் கதவைத்தான் பூட்டியிருக்கிறது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது புருஷன் படுக்கையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கட்டுகிற கட்டு, ஊரே குலுங்கினாலும் அவிழாது. மகள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டக்கா நடந்ததைச் சொன்னாள். ரேடியோ, பட்டியல், மேனேஜர், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சொன்னாள்.

அவர் முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, “சரி” என்றார்.

“என்ன சரி?”

“கிளாஸுக்குப் போறேன். நாம ரெண்டு பேரும் போகணும்னா போவோம். பாப்பா பஸ் ஏறிப் போயிடுவா.”

“சரின்னா என்னங்க சரி? கோபமே வராதா உங்களுக்கு? பதினோரு வருஷமா நான் என்ன எழுதினாலும் சரி. ஒரு தடவையாவது வந்து, ஏண்டி எனக்கு மட்டும் இப்படிப் போடறேன்னு கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல?”

பழியை அவர்மேல் போடுகிறோம் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. கோபம் இறக்கத்தில் விட்ட வண்டியாகிவிட்டது.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை.

“கேட்டா நீ முடியாதுன்னு சொல்லுவ. உன் வாயால அதக் கேக்க வேணாம்னுதான் கேக்கல. ஜன்னல்ல வந்து நிக்கறவங்களப் பாத்திருக்கேன், திரும்பிப் போறப்ப அவங்க மூஞ்சியையும் பாத்திருக்கேன். அந்த வரிசையில நானும் வந்து நிக்கணுமா? டிப்போவுல எல்லாருக்கும் நீ அக்கா. எனக்கு மட்டும்தான் கட்டக்கா.”

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவருக்கு அது தெரியும் என்றுகூட நினைத்ததில்லை. அவர் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கைகழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

“சண்ட போடாதீங்கம்மா. நான் தனியாவே போயிக்கறேன்” என்றாள் மகள், தலை நிமிராமல். “எனக்கென்ன புதுசா?”

அவள் கையில் இரண்டு போட்டோக்கள் இருந்தன. ஒன்றில் அவளும் அம்மாவும். இன்னொன்றில் அவளும் அப்பாவும். மூன்று பேர் இருக்கிற படம் ஒன்றுக்காக ஒரு மணி நேரமாக அலமாரியைக் குடைந்தாளாம். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது, அதில் அவள் முகம் துணிக்குள் மறைந்திருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் டேப் ஒட்டி, பெட்டியின் அடியில் வைத்துத் துணியால் மூடினாள். அதை அவள் குத்திக்காட்டுவதற்காகச் செய்யவில்லை. அதனால்தான் கட்டக்காவால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள், லீவு என்றும் பார்க்காமல், காலை ஐந்து மணிக்கே டிப்போவில் இருந்தாள். அன்றைய சீட்டுகளைக் கடகடவென்று கொடுத்து முடித்தாள். பூனைக்கண்ணனும் வந்து வாங்கிக்கொண்டு போனான், வழக்கம்போல் வாய் திறக்காமல். வரிசை கலைந்ததும் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். டீக் கிளாஸோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூட்டிய பெட்டியை மாதத்தின் நடுவில் அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“என்னக்கா, மாத்தறீங்களா?” என்றான் ரேடியோ. முதல்முறையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“ஏறின கட்டம் இறங்காது. தெரியாதா உனக்கு?”

அவள் எதையும் அழிக்கவில்லை. பட்டியலில் அறுபத்திரண்டுக்குப் பக்கத்தில், கறுப்பு மையில், ஒரு பெருக்கல் குறி போட்டாள். கிளாஸ் தொடங்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. வராதவருக்கு முன்கூட்டியே போட்ட குறி. பிறகு பெரிய தாளின் அடிவரிசைக்கு வந்து, தனக்கு நேராக இருந்த சிவப்புக் கட்டத்தின்மேல் இன்னொன்று போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தினாள். மையை ஊதிக் காயவைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை மேனேஜர் அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு நடந்தாள்.

வீட்டில் அவர் டூட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளாஸுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். “சட்டைய மாத்துங்க” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்கும் எனக்கும் குறி போட்டுட்டு வந்துட்டேன். என்ன வந்தாலும் என் தலையில வரட்டும். சட்டைய மாத்துங்க, நேரமாச்சு.” அவர் சரி என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், எப்போதோ வாங்கி மடிப்புக் கலையாமல் கிடந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நேற்றைய பேச்சைத் திரும்பவும் எடுக்கவில்லை. அது முடிந்துவிட்டது என்றும் முகத்தில் தெரியவில்லை.

பதினொன்றுக்குள் போய்ச் சேர வேண்டுமானால் ஏழேகால் வண்டிதான். அதை யார் ஓட்டுகிறார் என்று அவளைக் கேட்கவா வேண்டும், எழுதியதே அவள்தானே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் முன்வாசல் வழியாக ஏறியபோது பூனைக்கண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பினான். முதலில் அவள் புருஷனைப் பார்த்தான், அந்த நீலச் சட்டையைப் பார்த்தான். பிறகு அவளை.

“இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் கிளாஸாச்சே” என்றான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

“ஆமா. போகல.”

“சொல்லிட்டு வந்தீங்களா?”

“இல்ல. குறி போட்டுட்டு வந்துட்டேன்.”

பின்னால் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அவன் கண்கள் சிவந்துவிட்டன.

“ஒரு குறியோட முடியற விஷயம்னு அன்னைக்கு எனக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா.”

அவள் கையில் பெட்டியின் பிடி இருந்தது. அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டால் அது அவன் கோபத்தைப் பிடுங்கிக்கொள்வது போலாகிவிடும் என்று தோன்றியது. அந்தக் கோபம் அவனுடையது, நியாயமானது, இருக்கட்டும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கியரைப் போட்டான். தேவைக்கு அதிகமாகவே உறுமிக்கொண்டு வண்டி நகர்ந்தது.

மூன்று பேர் உட்காரும் இருக்கை. மகள் ஜன்னலோரம், நடுவில் கட்டக்கா, இந்தப் பக்கம் அவர். காலடியில் பெட்டி. இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், பாதியிலேயே விட்டுவிட்டாள். ஊர் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது வண்டி. மகள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். ஒன்பது மணிக்குக் கைப்பைக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே அது யார் என்று இருவருக்கும் தெரியும். பிறகு அவர் பையில் அடித்தது. அவரும் எடுக்கவில்லை. முன்னால் மேலே இருந்த கண்ணாடியில் பூனைக்கண்ணனின் கண்கள் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின. வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. பூனைக்கண்ணன் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால், இருக்கையில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வளைவு முடிந்து சாலை நேரான பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.